மாமனாருக்கு இரண்டு பிரசவம்

செல்போனில் அழைப்பு வந்தாலே காசு போகும் என்று பயந்து, மணி அடித்ததும் துண்டித்துவிட்டு எஸ்.டி.டி. பூத்தைத் தேடி ஓடிய காலம் அது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். கோவில்பட்டியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சாலைக் கடைத்தெருவில் என் மாமனாருக்குப் பாத்திரக் கடை. அவருடைய அப்பா காலத்தில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். பேசுவது தமிழ்தான், நடுவில் எப்போது மலையாளத்துக்குள் போய்த் திரும்புகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் வீட்டில் டி.வி. ரிமோட் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக மரியாதை ஓர் அட்டைக்கு. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஓ.பி. கார்டு. அந்த ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது கேன்டீனுக்கு அண்டா, குண்டா, கரண்டி எல்லாம் கொடுத்தவர் என் மாமனார். சரக்கை இறக்கப் போனவர், உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே ஒரு கார்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதனால் அவருக்கு மூன்றே இலக்கத்தில் எண். ஊருக்கெல்லாம் நம்பர் நீளமாகப் போய்க்கொண்டிருந்தபோது, இவர் கவுண்டரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த மூன்று இலக்கத்தைச் சொல்வார். உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதில் அவருக்குப் பாதி நோய் குணமாகிவிடும்.

இப்படிப்பட்ட நம்பர் கையில் இருக்க, மற்றவர்களுக்கு எதற்குத் தனிக் கார்டு? மாமாவின் நியாயம் ரொம்பத் தெளிவானது.

"ரேஷன் கார்டு வீட்டுக்கு எத்தனை? ஒண்ணு. கரண்ட் கனெக்‌ஷன்? ஒண்ணு. பின்னே ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆளுக்கொரு கார்டு என்னத்துக்கு?"

ஆகவே வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அந்த ஒரே கார்டுதான். அங்கே இருந்த பழைய டாக்டர், எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். பெயர் எழுத வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. மாமாவின் ஃபைலில் ஒரு புதுத் தாளைச் செருகி, வந்தவருடைய கதையை விலாவாரியாக எழுதிவிடுவார். எனக்கே வந்த புதிதில் காய்ச்சல் அடித்தபோது மாமா கார்டில்தான் மருந்து வாங்கினேன். நம்மையும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்களே என்று அன்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

இத்தனைக்கும் அது பாத்திரக் கடைக்காரர் வீடு. கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்களுக்கு டம்ளர் முதல் தவலை வரை மெஷினை வைத்து டர்ரென்று பெயர் வெட்டிக் கொடுப்பதுதான் மாமாவுக்குப் பிடித்த வேலை. பந்தியில் மாறிப் போகக்கூடாது பாருங்கள். எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் மாமாவின் பெயர்தான் இருக்கும்.

என் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தை அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்வார்: "எம் மருமவ ராசிக்காரி, கேட்டியா." நான் வந்த பிறகு கடையில் வியாபாரம் கூடவில்லை, வீட்டுக் கூரை ஒழுகுவதும் நிற்கவில்லை. எதை வைத்து ராசி என்கிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் வந்த முதல் வாரமே துவைத்த துணியை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். ஈரத்துணி பக்கெட் கையை இழுக்கும். நல்லவேளையாக, படி திரும்பும் இடத்தில் யாரோ ஒரு முக்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் பக்கெட்டை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு ஏறுவேன். ராசிக்காரிக்கு நல்ல வேலை கொடுத்தார்கள் என்று என் அம்மாவிடம் பூத்திலிருந்து புலம்பியிருக்கிறேன்.

பழைய டாக்டர் ஓய்வுபெற்று, வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஃபைல்களில் இருந்ததையெல்லாம் நம்பர் வாரியாக உள்ளே ஏற்றினார்கள். பழைய காகிதங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி எங்கேயோ கிட்டங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நம்பர் அதேதான் என்று தெரிந்ததும் மாமாவுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி, அவருக்குக் குடலிறக்கம் வரும்வரை இருந்தது. வருடக்கணக்காக அண்டா தூக்கியதற்குக் கிடைத்த பரிசு. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஓணம் வியாபாரத்துக்கு முன்னால் முடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மாமாவுக்கு அவசரம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று சொல்ல, மாமாவும் என் கணவரும் நானும் போனோம்.

இளவயசு டாக்டரம்மா. எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசினார். திரையைப் பார்த்தார். மாமாவின் மீசையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அங்கிளுக்கு ரெண்டு பிரசவம் கழிஞ்சிருக்கு" என்றார். "ரெண்டும் சுகப்பிரசவம்."

"என்ன டாக்டரே, தமாஷா?"

"தமாஷ் ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுக்கு முன்னாடி ரத்தம் குறைவா இருந்திருக்கு. பின்னே தலைமுடி கொட்டுது, ஒரு இன்ஜெக்‌ஷன் போட்டு முகம் வீங்கியிருக்கு, ஒரு நெஞ்சு வலி. இதில அங்கிளோடது ஏது?"

என் கணவர் தயங்கித் தயங்கி ரேஷன் கார்டு சித்தாந்தத்தை விளக்கினார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். மாமாவும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார். ஆனால் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட அடுத்த கேள்வியில் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"முகம் வீங்கினது யாருக்கு?"

எனக்குத்தான், என்று என் கணவர் கையைத் தூக்கினார். காலேஜில் படிக்கும்போது நடந்ததாம். அந்த மருந்தின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இல்லை. "நாளைக்கு உங்களுக்கு ஒரு அவசரம்னு வந்தா, அந்த மருந்து உங்களுக்கு ஆகாதுன்னு எந்த டாக்டருக்குத் தெரியும்? அது அச்சன் பேர்ல அல்லே கிடக்கு" என்றார் டாக்டரம்மா. என் கணவரின் முகம் அப்போதே கொஞ்சம் வீங்கினது போல எனக்குத் தோன்றியது.

அடுத்தது நெஞ்சு வலி. மாமா கொதித்துவிட்டார். தன் நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, இப்போதும் ஒரு தவலையைத் தூக்கிக் காட்டவா என்று கேட்டார். குடலிறக்கமே தவலையைத் தூக்கித்தானே வந்தது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. அங்கேயே அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, திரையில் இருந்த பழைய ஈ.சி.ஜி. குறிப்பைப் படித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்போ அது யாரோட நெஞ்சு?" என்று கேட்டார். "மேற்கொண்டு டெஸ்ட் செய்யணும், மகனைக் கூட்டிட்டு வரணும்னு டாக்டர் எழுதியிருக்கார். யாரும் வரல்ல. உங்க வீட்டில ஒரு ஆள் அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு இப்பவும் நடந்துட்டிருக்காங்க. ஹெர்னியா காத்திருக்கும். முதல்ல அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் கொண்டுவாங்க."

ஆட்டோவில் திரும்பும்போது மாமா என் பக்கம் குனிந்தார். "மக்ளே, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே. நாளைக்குப் போயி அந்த ரெண்டு பிரசவத்தை மட்டும் அழிச்சிட்டு வந்திரு."

ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொருவரிடமும் கேட்டார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். நாகர்கோவிலில் இருந்த நாத்தனாரையும் வரச் சொன்னார் மாமா. மறுநாள் மத்தியானம், ஓணச் சீசனில், கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தையே திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அத்தை எல்லோருக்கும் எலுமிச்சைச் சோறு கிளறி, அடுக்குத் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்தார்.

ரெக்கார்ட் செக்‌ஷனில் ஒரு சேச்சி இருந்தார். பொறுமைசாலி. எங்களைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்துவிட்டு, அவரவருக்குப் புது நம்பர் போட்டு, பழைய குறிப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்றார். திரையில் இருப்பதை அவர் ஒவ்வொன்றாகப் படிப்பார். உரியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஏலம் ஆரம்பமானது.

"பிரசவம், பெண் குழந்தை."

"என்னுது!" என்றார் நாத்தனார். "ரெண்டாவதும் என்னுதுதான். அப்பா, எம் பிள்ளைய ரெண்டையும் எனக்குத் திருப்பித் தாங்க."

என் காய்ச்சலை நான் வாங்கிக்கொண்டேன். முக வீக்கத்தை என் கணவர் பத்திரமாகப் பெற்றுக்கொண்டார். சேச்சி அந்த மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி அவர் கையிலும் கொடுத்தார். தலைமுடி கொட்டியதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. சேச்சி இரண்டு தடவை படித்தார். கடைசியில் என் கொழுந்தன், "எழுதிக்கிடுங்க" என்று முணுமுணுத்தான். அவனுக்கு அடுத்த மாதம் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. "இது பொண்ணு வீட்டுக்குத் தெரியுமாடே?" என்று நாத்தனார் கேட்க, பெஞ்சே ஆடியது.

சிரிப்பும் கும்மாளமுமாக எல்லாம் போய்ச் சேர்ந்தன. மாமாவின் பங்கில் மிஞ்சியது ஒரு ஜலதோஷமும், காலில் இட்லிக் கொப்பரை விழுந்த காயமும் மட்டும். "இவ்வளவுதானா?" என்று அவர் கேட்டார். இத்தனை வருட மூன்று இலக்க நம்பருக்கு இவ்வளவு கொஞ்சம் நோய்தானா என்று அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றம்.

கடைசியாக அந்த நெஞ்சு வலி மட்டும் பாக்கி. பழைய டாக்டர் கதை எழுதுவது போல எழுதுவார் என்று சொன்னேன் இல்லையா, கம்ப்யூட்டரில் ஏற்றிய பிள்ளைகள் அதில் ஒரு வார்த்தையையும் விடவில்லை. சேச்சி ஆங்கிலத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்: "ஈரத்துணி எடுத்து மாடி ஏறும்போ நெஞ்சில பிடிச்ச மாதிரி வலி. படி திரும்புற இடத்தில உட்கார்ந்தா வலி மாறிப் போகும். பின்னே ஏற முடியும்."

மாமா ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் காட்சியை எல்லோரும் மனசுக்குள் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது. முதலில் கொழுந்தன் சிரித்தான். பிறகு நாத்தனார், என் கணவர், மாமாவே சிரித்துவிட்டார். தன் துண்டைக்கூட அவர் கொடியிலிருந்து எடுத்தது கிடையாது.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. படி திரும்பும் இடத்து முக்காலி. அது பக்கெட் வைக்கப் போட்டதில்லை.

அத்தையைப் பார்த்தேன். அவர் அடுக்குத் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சோறு ஆறிப்போவும், சாப்பிட்டுட்டுப் பேசலாமே" என்றார். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சேச்சி அந்தக் குறிப்பின் தேதியைச் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார் மாமா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"சொன்னா கல்யாணத்தைத் தள்ளி வைப்பிய" என்றார் அத்தை. "பத்திரிகை அடிச்சாச்சு. கல்யாணம் கழியட்டும்னு இருந்தேன். பின்னே இவ வந்தா. துணியை இவ எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் எனக்கு வலிக்கவே இல்ல." என்னைப் பார்த்துச் சிரித்தார். "மருமவ வந்த ராசி, வலி மாறிப்போச்சுன்னு நினைச்சேன் மக்ளே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவெல்லாம் என்னை ராசிக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தது இதற்காகத்தான். வலி எங்கேயும் போகவில்லை, மாடி ஏறாததால் அது சும்மா இருந்தது என்று அந்த இடத்தில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேச்சிதான் எழுந்துவந்து அத்தையின் கையைப் பிடித்துக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுக் கார்டு போட வேண்டும். "பேஷன்ட் பேரு?" என்று கேட்டார்கள். மாமா வழக்கம்போல முன்னால் போய்த் தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தார்.

"இரிங்க, நான் சொல்லுதேன்" என்றார் அத்தை.

தன் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மாமா "கேட்டியா" என்பார், நாங்கள் அம்மா, அத்தை. அந்த முழுப் பெயரை ஒரு குரல் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதுவும் அவருடைய குரலே. வயசு கேட்டபோது கூசாமல் நாலைந்தைக் குறைத்துச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அந்த வயசுதான் இன்றைக்கும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அன்றே அத்தையைச் சேர்த்துக்கொண்டார்கள். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டரம்மா எங்கள் வார்டைத் தேடி வந்து, "இதை இப்பவாவது பார்த்தோமே" என்று மட்டும் சொன்னார். மாமா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மாவோ, "எனக்கு எதுக்கு? அங்கிள் ரெண்டு பிரசவம் பண்ணினதாலதானே தெரிஞ்சது" என்று சொல்லி, அழுதுகொண்டிருந்தவரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனார்.

மாமாவின் ஆபரேஷன் ஓணம் கழிந்துதான் நடந்தது. மூன்று இலக்கக்காரனுக்கு இரண்டாவது இடமா என்று கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். ஆனால் கடைக்குச் சீர் சாமான் வாங்க வருகிறவர்களிடம் அன்றிலிருந்து அவருக்கு ஒரே உபதேசம்: "டம்ளருக்கெல்லாம் பேரு வெட்டுதீங்க, சரி. வீட்டில ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக் கார்டு இருக்கா?" கல்யாணச் சாமான் வாங்கும் நல்ல நேரத்தில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் விடமாட்டார்.

அத்தைக்குத் தன் கார்டின் நம்பர் மனப்பாடம். நீளமான நம்பர்தான், ஆனாலும் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார். ஒருமுறை கம்ப்யூட்டரை மாற்றிப் புது நம்பர் தருகிறோம் என்று சொன்னபோது, பழையதே வேண்டும் என்று கவுண்டரில் ஒரு சண்டையே போட்டார். துணி காயப்போட மட்டும் இன்றும் நான்தான் போகிறேன். முக்காலி அதே இடத்தில் இருக்கிறது.

அத்தை வீடு திரும்பிய வாரத்தில் ஒரு நாள், மாமா கடையிலிருந்து வரும்போது பெயர் வெட்டும் மெஷினைக் கையோடு கொண்டுவந்தார். அத்தை மாத்திரை போடத் தண்ணீர் வைத்துக்கொள்ளும் செம்பை எடுத்துத் திருப்பினார். அதிலிருந்த தன் பெயருக்குக் கீழே, நிதானமாக, அத்தையின் முழுப் பெயரையும் வெட்டினார். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் இரண்டாவது பெயர் ஏறியது அன்றுதான். அத்தை செம்பை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் யாரையாவது நல்லாயிருக்கீங்களா என்று கேட்டு, அவர் "எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், நான் பின்னாலேயே போய் இன்னொரு தடவை கேட்கிறேன். ஒரு கம்ப்யூட்டர் எங்கள் எல்லோரையும் ஒரே ஆளாக்கிக் காட்டியிராவிட்டால் அப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.